வலப்பக்கத்து எட்டுத் துளைகள்

பட்டறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

போன கிழமை நீங்கள் போனில் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. பாய்ப்படகுக்கு ஓடர் வந்திருக்கிறது, முன்பாயின் றெயிலை எந்த இடத்தில் பூட்டுவது, நீங்கள் ஏற்கெனவே ஒரு படகுக்குப் பூட்டியவர்தானே, அளவைச் சொல்லுங்கோ என்று கேட்டீர்கள். பூட்டியது உண்மைதான். அளவுதான் என்னிடம் இல்லை. இளைப்பாறி வீட்டில் இருக்கிறவனுக்கு வேறு வேலை என்ன, நடந்ததை முழுதாக எழுதிவிடுகிறேன். வாசித்துவிட்டு நீங்களே தலையைச் சொறியுங்கள்.

பாய்ப்படகையே காணாதவர்களுக்காக முதலில் ஒரு விளக்கம். முன்பாயின் கீழ்மூலையில் கட்டிய கயிறு, மேல்தட்டில் இருக்கிற ஒரு கப்பி வழியாகத்தான் பின்னால் இருப்பவரின் கைக்கு வரும். இடப்பக்கத்துக்கு ஒன்று, வலப்பக்கத்துக்கு ஒன்று என்று இரண்டு கப்பிகள். காற்று இடப்பக்கம் இருந்து வந்தால் வலப்பக்கக் கப்பி வேலை செய்யும், வலப்பக்கம் இருந்து வந்தால் இடப்பக்கக் கப்பி. அந்தக் கப்பி முன்னும் பின்னும் நகர நாலடி நீளத்தில் ஒரு தண்டவாளம் பூட்டுவார்கள். அதுதான் றெயில். அது பிழையான இடத்தில் இருந்தால் படகு காற்றை எதிர்த்து ஏறாது, நண்டு மாதிரிப் பக்கவாட்டில் போகும். எங்கள் பட்டறை மீன்பிடிப் படகு செய்கிற பட்டறை. எல்லாம் எஞ்சின் பூட்டி ஓடுகிறவை. றெயில் என்ற சொல்லை நான் கேட்டதே அந்தப் படகு வந்த பிறகுதான்.

படகு எமல்டா அக்காவினுடையது. மன்னாரில் பிறந்து, நோர்வேயில் ஆஸ்பத்திரியில் வேலை செய்து, அங்கேயே பாய்ப்படகு ஓட்டப் பழகி, பென்சன் எடுத்துக்கொண்டு கணவரோடு திரும்பி வந்தவர். முப்பத்திரண்டு அடிப் படகு ஒன்று செய்து தரச்சொல்லி அதன் வரைபடத்தையும், அங்கே பாவித்த பழைய பாய்களையும் கொண்டுவந்து தந்தார். வடக்குக் கரையால் ஓடி, பருத்தித்துறை சுற்றித் திருகோணமலைக்குப் போவது அவருடைய திட்டம். கணவருக்கு ஒரு கை இயங்காது. சுக்கான் பிடிப்பதும் கயிறு இழுப்பதும் அவர் ஒருவர்தான்.

அவர் என்னிடம் நேரடியாகவே கேட்டார்.

"எஞ்சின் எப்பவெண்டாலும் நிக்கும். வெள்ளாங்குளம் பக்கம் காத்து என்னைக் கரைக்குத் தள்ளேக்க நிண்டா, பாயிலதான் வெளியால வரவேணும். அதுக்கு றெயில் சரியா இருக்கவேணும். உங்களுக்கு அது வைக்கத் தெரியுமோ?"

பக்கத்தில் முதலாளி நின்றார். நான் முப்பது வருசத்துக்கு மேல் அந்தப் பட்டறையில் நின்றவன். தலைமைப் பாஸ், மற்றத் தொழிலாளருக்கெல்லாம் மூத்தவன்.

"ஓம் அக்கா, தெரியும்" என்றேன்.

அந்த ஒரு சொல்லை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சுடும்.

சரி, அளவுக்கு வருவோம். படத்தில் றெயிலுக்கு ஒரு இடம் குறித்திருந்தது. ஆனால் படம் கீறினவர் நினைத்த பாய் வேறு, அக்கா கொண்டுவந்த பழைய பாய் வேறு. அக்கா இன்னொரு வழி சொல்லித் தந்தார். பாயின் முன்விளிம்பை இரண்டாக மடித்து நடுவைப் பிடித்து, அங்கிருந்து கீழ்மூலை வழியாக ஒரு நூலை நேராக இழுத்தால், அது மேல்தட்டைத் தொடுகிற இடம்தான் கப்பிக்கு இடமாம். இழுத்தோம். படம் சொன்ன இடத்துக்கு ஒரு முழம் முன்னால் தொட்டது. அடுத்த நாள் திரும்ப இழுத்தோம். முதல் நாள் தொட்ட இடத்துக்கு நாலு விரல் பின்னால் தொட்டது. ஏன் என்று கேட்காதீர்கள். பாய் அதே பாய், நூல் அதே நூல், இழுத்ததும் அதே நான்.

முதலாளி இதைப் பார்த்துவிட்டு முள்ளிக்குளத்தில் இருந்து ஒருவரைக் கூட்டி வந்தார். எஞ்சின் வருமுன் பாய் விரித்துத் தொழிலுக்குப் போனவர். படகு மரக்குற்றிகளில் நிற்க, பாயை ஏற்றிக் கயிற்றை அவர் கையில் கொடுத்தோம். மனிதர் கயிற்றைப் பிடித்தபடி மேல்தட்டில் முன்னும் பின்னும் நடந்தார். பாய் படபடப்பதை நிறுத்திய இடத்தில் அவரும் நின்றார்.

"இதுதான் இடமோ?" என்று கேட்டேன்.

"இப்ப இதுதான்."

"பேந்து?"

"பேந்து காத்து மாறினா நானும் மாறி இருப்பன். வள்ளத்தில ஆர் கயித்துக்கு இடம் குறிச்சது? ஆள்தானே இடம்."

அவர் நின்றது படத்துக்கும் நூலுக்கும் நடுவே. ஆக மூன்று இடம். அக்காவும் முள்ளிக்குளத்தாரும் ஒரு மத்தியானம் முழுக்கப் பிடித்த சண்டையில் எனக்கு ஒரு பாதி கூட விளங்கவில்லை. விளங்கின மாதிரித் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு நின்றேன். கடைசியில் எனக்கு ஒரு யோசனை வந்தது. றெயில் நாலடி நீளம். மூன்று இடமும் அந்த நாலடிக்குள் அடங்கும்படி பூட்டிவிட்டால், கப்பியை அவரவர் விரும்பின இடத்துக்குத் தள்ளிக்கொள்ளலாமே! எல்லோருக்கும் சந்தோசம். எனக்கு அதைவிடச் சந்தோசம். பெரிய வழக்கைத் தீர்த்துவைத்த நீதவான் மாதிரி அன்று வீட்டுக்குப் போனேன்.

இதெல்லாம் முன்பின் அளவு. விளிம்பில் இருந்து எவ்வளவு உள்ளே என்கிற பக்க அளவும் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை. நானே அளந்தேன், நானே குறித்தேன்.

இனி எங்கள் பட்டறையின் ஒரு பழக்கம். நீங்களும் இதற்குள் கேள்விப்பட்டிருப்பீர்கள். பங்குச் சுவாமி வந்து தீர்த்தம் தெளித்த படகில், அது முதல் முறை கடலுக்குப் போய் வரும்வரைக்கும் துளை போடக்கூடாது. முதலாளி முஸ்லிம், எங்களில் அரைவாசிப் பேர் வேதக்காரர் என்கிற கிறிஸ்தவர், இந்தப் பழக்கத்தைக் கட்டிக் காப்பதில் மட்டும் எல்லோரும் ஒன்று. அந்தச் சனிக்கிழமை முதலாளி வந்து சொன்னார்:

"நாளைக்குப் பூசை முடிய சுவாமி வாறார். அரைகுறைப் படகுக்கு அவரை மந்திரிக்க விடேலாது. இண்டைக்கே எல்லாத்தையும் பூட்டி முடியுங்கோ."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? இந்தத் துளை கடலுக்குப் போய் வந்த பிறகு போடவேண்டியது முதலாளி, கொஞ்சம் பொறுங்கோ என்று சொல்லியிருக்க வேண்டும். மேல்தட்டு என்பது இரண்டு பைபர் தோலுக்கு நடுவே மெல்லிய மரம். பிழையான துளையால் தண்ணீர் இறங்கினால் உள்ளுக்குள்ளேயே ஊறி அழுகும், வெளியே ஒன்றும் தெரியாது. இது எனக்கு நன்றாகவே தெரியும். ஆனால் "தெரியும்" என்று சொன்ன வாய், பொறுங்கோ என்று எப்படிச் சொல்லும்?

வலப்பக்கம் எட்டுத் துளை போட்டேன். றெயிலை வைத்து இறுக்கினேன். இடப்பக்கத்துக்கு ட்றில்லைத் தூக்கி வைக்கிறேன், கறண்ட் போய்விட்டது. ஒரு மணித்தியாலம் திட்டிக்கொண்டு இருந்து பார்த்தேன். வரவில்லை. மின்சாரக் கந்தோருக்குப் போன் எடுத்தால், லைனில் வேலை நடக்குது என்றார்கள். சுவாமி வருமுன் காலையிலாவது போடலாம் என்றால் ஞாயிறு காலையும் கறண்ட் இல்லை. சுவாமி வந்தார், செபித்தார், தீர்த்தம் தெளித்தார், தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். பழக்கம் பழக்கம்தானே, இடப்பக்கம் துளை போடாமலே நின்றது. அந்தப் பக்கக் கப்பியை அதே அளவில் கயிறுகளால் இழுத்துக் கட்டினேன். எனக்கு அது பெரிய அவமானமாக இருந்தது.

திங்கட்கிழமை இறக்கினோம். அக்கா, அவருடைய கணவர், நான், பைபர் போடுகிற பகுதிக்குப் பொறுப்பான பெண். இந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாப்பாமோட்டையில் இருந்து தினமும் பஸ்ஸில் வந்து போனவர். பெயர் போட்டால் சண்டைக்கு வருவேன் என்று சொல்லியிருக்கிறார், அதனால் போடவில்லை. அந்தப் படகின் பைபர் ஓடு முழுக்க அவருடைய கைவேலை. தான் செய்ததில் ஒருநாளாவது ஏறிப் பார்க்கவேண்டும் என்று கேட்டு வந்தவர்.

வெள்ளாங்குளம் பக்கமாக ஓடும்வரைக்கும் சுகமான ஓட்டம். மேற்கே இருந்து வீசும் மேல்காற்று. திரும்பும்போதுதான் வினை. காற்று கரைக்குத் தள்ளுகிறது, நாங்கள் வெளியே ஏற வேண்டும். அக்கா காற்றை வலப்பக்கம் எடுத்தார். கயிறு கட்டிய இடப்பக்கக் கப்பி வேலை செய்தது. படகு அருமையாக ஏறியது. ஆனால் அந்தத் திசையில் நெடுகப் போனால் கரைதான் வரும். திருப்பிக் காற்றை இடப்பக்கம் எடுத்தார். இப்போது என்னுடைய எட்டுப் போல்ற் பூட்டின வலப்பக்க றெயில். படகு சரிந்து, வேகம் விழுந்து, மூக்கு ஒரு திசையைப் பார்க்க உடம்பு இன்னொரு திசைக்குப் போனது. கரையில் நின்ற பனைகள் கிட்ட வந்துகொண்டே இருந்தன.

"கப்பியை முன்னுக்குத் தள்ளுங்கோ" என்றார் அக்கா. தள்ளினேன். ஒன்றுமில்லை. "பின்னுக்கு." இழுத்தேன். இன்னும் மோசம். படத்தின் இடம், நூலின் இடம், முள்ளிக்குளத்தாரின் இடம், மூன்றிலும் வைத்துப் பார்த்தோம். திரும்பவும் மற்றப் பக்கம் எடுத்தால் ஏறுகிறது, இந்தப் பக்கம் எடுத்தால் வழுக்குகிறது. ஒரே பாய், ஒரே காற்று, இரண்டு பக்கமும் ஒரே அளவு. என் கையால் வைத்த அளவு! அவசரத்தில் கயிற்றால் கட்டினது ஓடுகிறது, அளந்து துளைத்து இறுக்கினது ஓடவில்லை. எனக்குத் தலை சுற்றியது. கடலில் அப்படி எனக்கு ஒருநாளும் சுற்றினதில்லை.

அக்கா எஞ்சினை எழுப்பினார். அந்தச் சத்தத்தோடு வீடு வந்து சேர்ந்தோம்.

கரையில் இறங்கியதும் ஆளுக்கொரு காரணம். பாய்மரம் சாய்ந்துவிட்டது என்றார் முதலாளி. நீரோட்டம் என்றார் ஒருவர். பாய் பழசு என்றார் இன்னொருவர். நான் எல்லாவற்றுக்கும் ஓம் என்றேன், ஏனென்றால் றெயிலைத் தவிர எது பிழைத்தாலும் எனக்குச் சம்மதம். பைபர் போடுகிற பெண் மட்டும் படகை விட்டு இறங்கவில்லை. மேல்தட்டில் குனிந்து, வலப்பக்க விளிம்பைக் கையால் தடவிக்கொண்டு போனார். பிறகு இடப்பக்கம். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"பாஸ், நீங்கள் எங்கயிருந்து அளந்தனீங்கள்?"

"விளிம்பின்ர உட்பக்கத்தில இருந்துதான். எப்பவும் அப்பிடித்தானே."

"எந்த விளிம்பில இருந்து? வலப்பக்கம் வலைப் பக்கமெல்லோ. நாங்கள் அதில உள்ளுக்குப் பலகை வைச்சு நாலு விரல் தடிப்பாப் போட்டனாங்கள்."

"ஆர் போடச்சொன்னது?"

அவர் என்னைப் பார்த்தார். "ஆரும் சொல்லேல்ல. எப்பவும் அப்பிடித்தானே."

பிள்ளைகளே, உங்களுக்கு இது உடனே விளங்கும். எங்கள் படகுகளில் வலை ஏற்றுவது வலப்பக்கத்தால். வலை உரசும், தொழிலாளி முழங்காலை முட்டுக்கொடுத்து நின்று இழுப்பான், ஆகவே அந்தப் பக்க விளிம்பை அகலமாகவும் தடிப்பாகவும் போடுவோம். ஒருநாளும் வலை போடாத, நோர்வேக்கார அக்காவின் உல்லாசப் படகுக்கும் கை தன்பாட்டில் அதையே போட்டுவிட்டது. நாங்கள் எல்லோரும் தினமும் அந்த விளிம்பைத் தாண்டி ஏறி இறங்கினோம். ஒருவர் கண்ணுக்கும் அது பிழையாகத் தெரியவில்லை. வலைப் பக்கம் தடிப்பாக இருக்காவிட்டால்தான் எங்களுக்குக் கண்ணில் குத்தியிருக்கும்.

படத்தில் பக்க அளவு நடுக்கோட்டில் இருந்து தரப்பட்டிருந்தது. எங்களிடம் நடுக்கோடு ஏது? மீன்பிடிப் படகில் நடு என்பது வலையைக் குவிக்கிற இடம், அதில் யார் கோடு கீறுவது? படத்தின் அளவை விளிம்பளவாக மாற்றி, இரண்டு பக்கமும் விளிம்பில் இருந்து ஒரே அளவு வைத்தேன். ஆகவே வலப்பக்க றெயில் நாலு விரல் உள்ளே போய், பாயை இழுத்துக் கழுத்தை நெரித்துவிட்டது. முன்பின் அளவுக்கு இரண்டு பேர் சண்டை பிடித்தார்கள், அதனால் அது தப்பியது. யாரும் சண்டை பிடிக்காத அளவுதான் பிழைத்தது. உங்களுக்குச் சொல்ல எனக்கு ஒரு புத்திமதி இருக்கிறதென்றால் இதுதான். எல்லோரும் எப்பவும் அப்பிடித்தானே என்று சொல்கிற இடத்தில் அளவு ரேப்பை வைத்து இன்னொரு தரம் அளந்து பாருங்கள்.

இனி அதை அக்காவிடம் சொல்லவேண்டும். பலகையை வெட்டி எடுத்து, விளிம்பைச் சரிசெய்து, றெயிலைப் பேசாமல் நகர்த்தி, துளைகளை அடைத்து வெள்ளை பூசினால் அவருக்குத் தெரியவராது. அந்த யோசனை எனக்கு வராமல் இல்லை. வந்தது, ஒரு பீடி முடியும்வரைக்கும் என்னோடு இருந்தது. பைபர்காரப் பெண் பக்கத்தில் நின்றபடியே, "நான் தடிப்பாப் போட்டதை நான் சொல்லுறன். துளையை நீங்கள் சொல்லுங்கோ" என்றார். அவர் நடக்கத் தொடங்கினார். பின்னால் போவதைத் தவிர எனக்கு வேறு வழி இல்லை.

அக்கா கதிரையில் இருந்து முழுவதையும் கேட்டார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"நீங்கள் இதுக்கு முதல் எத்தினை படகுக்கு றெயில் வைச்சனீங்கள்?" என்று கேட்டார்.

"ஒண்டுக்கும் இல்லை அக்கா."

"அதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே. நான் வேற ஆளைத் தேடியிருக்க மாட்டன். ரெண்டு பேருமாச் சேர்ந்து அளந்திருப்பம்."

எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது, அதை இங்கே மறைத்து என்ன பிரயோசனம்?

எட்டுத் துளையையும் றெசின் ஊற்றி அடைத்தோம். படகின் முன்முனைக்கும் பின்முனைக்கும் நடுவாக ஒரு நூலை இழுத்துக் கட்டி, அந்த நூலில் இருந்து பக்க அளவை எடுத்தோம். இந்த முறை வலப்பக்கக் கப்பியையும் கயிற்றால்தான் கட்டினோம். ட்றில்லை நான் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். கறண்ட் இருந்தது, முழு நாளும் இருந்தது. ஏறுவதற்கு முன் அக்கா கேட்டார்:

"இப்ப சரியோ?"

"தெரியாது அக்கா. ஓடிப் பாத்தாத்தான் தெரியும்."

"அப்ப ஏறுங்கோ" என்றார்.

மூன்று நாள் ஓடிப் பார்த்தோம். மூன்று நாளும் இரண்டு பக்கமும் ஏறியது. அதற்குப் பிறகுதான் துளை போட்டோம். இப்போது நீங்கள் கேட்கலாம், நாலு விரல்தான் முழுக் காரணமா என்று. எனக்குத் தெரியாது. அந்த இடைவெளியில் அக்கா பாய்மரத்துக் கம்பிகளையும் இறுக்கினார், கயிற்றையும் மெல்லியதாக மாற்றினார். எது எவ்வளவு உதவியது என்று நான் எத்தனையோ தரம் யோசித்துப் பார்த்துவிட்டேன். முள்ளிக்குளத்தாரைக் கேட்டால், படகுக்கு இப்பதான் கோபம் தீர்ந்தது என்கிறார். அதை மறுக்கவும் என்னிடம் ஒன்றுமில்லை. இதனால்தான் உங்களுக்கு அளவு சொல்ல முடியவில்லை. நூலை இழுங்கள், படத்தைப் பாருங்கள், கயிற்றால் கட்டி ஓடிப் பாருங்கள். முதலாளி அவசரப்படுத்தினால் என் பெயரைச் சொல்லுங்கள், கொஞ்சம் சிரித்துவிட்டுப் பொறுப்பார்.

சோளகம் என்கிற தென்மேல் காற்று எழும்ப முன் அக்காவும் கணவரும் புறப்பட்டார்கள். இரண்டாம் நாள் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன், போன் அடித்தது. அக்கா. பின்னால் காற்றுச் சத்தம்.

"நேத்து வெள்ளாங்குளம் தாண்டேக்க எஞ்சின் நிண்டிட்டுது" என்றார். "காத்து நல்லாக் கரைக்குத் தள்ளிச்சுது. கையால தண்ணியைத் தொட்டாத் தரை தட்டும் போல இருந்துது. பாயிலதான் வெளியால வந்தனாங்கள். இப்ப சுகம், பயப்பிடாதேங்கோ."

"எந்தப் பக்கக் கப்பியில அக்கா?"

"வலப்பக்கம்."

சோற்றுக் கையோடு அப்படியே இருந்துவிட்டேன். அக்கா, குற்றம் சொல்கிற குரலில் இல்லை, உண்மையாகவே அறிய விரும்புகிற ஆளின் குரலில் கேட்டார்:

"அண்டைக்குக் கறண்ட் போகாம, ரெண்டு பக்கமும் துளைச்சு, நாங்களும் பாக்காம வெளிக்கிட்டிருந்தா?"

இந்த வேலையில் நான் தெளிவாக விளங்கிக்கொண்டது மிகக் குறைவு. அந்த ஒரு கேள்விக்கு மட்டும் எனக்கு விடை தெரிந்திருந்தது. லைன் சரியில்லை அக்கா என்று சொல்லி வைத்துவிட்டேன்.